பனிக்கு அடியில் புல்: குல்மார்க், ஔலி, மணாலி

குல்மார்க், சோனமார்க், தங்மார்க், யூஸ்மார்க் எனக் காஷ்மீரத்து ஊர்ப்பெயர்கள் பலவற்றின் ஈற்றில் ஒரே சொல் நிற்கிறது. வடமொழி அறிந்தோர்க்கு 'வழி' எனும் பொருளுடைய 'மார்க்கம்' நினைவுக்கு வரலாம். காஷ்மீரி மொழியில் அச்சொல்லின் பொருள் வேறு. காடுகளுக்கு நடுவிலும் அவற்றுக்கு மேலேயும் விரிந்து கிடக்கும் மலைப் புல்வெளியையே அது குறிக்கும். கட்வால் மலைகளில் அத்தகைய புல்வெளிக்குப் 'புக்யால்' என்று பெயர். இந்தியாவின் புகழ்பெற்ற இரு பனிச்சறுக்குத் தளங்களான குல்மார்க்கும் ஔலியும் இவ்வகைப் புல்வெளிகளின்மீது அமைந்தவை. தமிழ்த் திணை மரபின் சொற்களில் கூறுவதானால் அவை உயரத்தால் குறிஞ்சி, தொழிலால் முல்லை. கோடையில் ஆடுமாடுகளோடு ஏறி வந்தவர்களின் நிலம், குளிர்காலத்தில் வேறொருவரின் விளையாட்டுக் களமாயிற்று என்பதே இவ்விரு தளங்களின் வரலாற்றுச் சுருக்கம்.

இத்தளங்களை நேசிப்பவர்களிடம் அந்நேசத்தோடு ஓர் உறுத்தலும் சேர்ந்தே காணப்படுகிறது. சறுக்கி இறங்கும் மகிழ்ச்சியும், அம்மகிழ்ச்சிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியும் ஒரே மனத்தில் இருக்கின்றன. இதைச் சுற்றுச்சூழல் குறித்த அண்மைக் காலக் குற்றவுணர்வாக மட்டும் கருதிவிட இயலாது. இத்தளங்கள் உருவான முறையிலேயே அதன் வேர் இருக்கிறது.

குல்மார்க்கின் பழைய பெயர் கௌரிமார்க் என்றும், பதினாறாம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட யூசுஃப் ஷா சக் அதற்கு 'மலர்ப் புல்வெளி' எனப் பொருள்படும் குல்மார்க் என்ற பெயரைச் சூட்டினார் என்றும் மரபு கூறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமவெளியின் வெயிலுக்கு அஞ்சிய ஆங்கிலேயர் அங்கு வரத் தொடங்கினர். டோக்ரா அரசரின் சமஸ்தானத்தில் அயலார் நிலம் வாங்க இயலாது. ஸ்ரீநகரில் அவர்கள் படகு வீடுகளில் தங்கியதற்கும், குல்மார்க்கில் குத்தகை நிலத்தில் மரக்குடில்கள் எழுப்பியதற்கும் அத்தடையே காரணம். சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் கோல்ஃப் மைதானமும் மன்றமும் தேவாலயமும் எழுந்தன. அவர்களுடைய பெட்டிபடுக்கைகள் தங்மார்க்கிலிருந்து மட்டக்குதிரைகளின் முதுகிலும் கூலியாட்களின் தோளிலும் மலையேறின.

1927இல் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரிகள் இருவர் அங்கே இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தை நிறுவினர். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளில் கூடிய சிறு வட்டம் அது. பனிச்சறுக்கு ஒரு விளையாட்டாக இந்தியாவுக்குள் நுழைந்தபோதே அதிகாரிகளின் ஓய்வுநேர இன்பமாக நுழைந்தது. அதே பனிக்காலத்தில் உள்ளூர் மக்கள் பேரனுக்குள் கரிச்சட்டியான காங்கிரியை அணைத்துக்கொண்டு வீட்டினுள் முடங்கினர். அவர்களுக்குப் பனி என்பது அடுத்த வேனிலில் வயலுக்கும் தோட்டத்துக்கும் வந்து சேரவேண்டிய நீர். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் நீளும் கடுங்குளிரைச் 'சில்லை கலான்' என்றும், அடுத்த இருபது நாளைச் 'சில்லை குர்த்' என்றும், கடைசிப் பத்து நாளைச் 'சில்லை பச்சா' என்றும் பகுத்து வைத்திருக்கும் மொழி அவர்களுடையது. ஒரே பனியை இருவகைச் சமூகங்கள் இருவகைக் கணக்கில் எழுதியதன் தொடக்கம் இங்கே இருக்கிறது.

விடுதலைக்குப் பின் கணக்கு எழுதியவர்கள் மாறினர். 1947 அக்டோபரில் பழங்குடிப் படைகள் காஷ்மீருக்குள் நுழைந்த நடவடிக்கைக்கு 'குல்மார்க்' என்பதே மறைபெயர் என்று இந்திய இராணுவ வரலாறுகள் குறிப்பிடுகின்றன. 1948இல் இந்திய இராணுவம் அங்கே ஒரு பனிச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கியது. பின்னாளில் உயர்மலைப் போர்ப் பள்ளியாக வளர்ந்தது அதுவே. 1960களில் ஆஸ்திரிய வல்லுநர் ருடால்ஃப் மாட்டின் பரிந்துரையை ஏற்று, நடுவண் அரசு குல்மார்க்கைக் குளிர்கால விளையாட்டு மையமாக வளர்க்க முனைந்தது. 1968இல் பனிச்சறுக்குப் பயிற்சி நிறுவனமும் எழுந்தது. 1980களின் இறுதியில் தொடங்கிய கொண்டோலா எனும் கம்பிவட ஊர்திப் பணி, ஆயுதமோதல் தீவிரமடைந்த ஆண்டுகளில் நின்றுபோயிற்று. முதற்கட்டம் 1998இலும், அஃபர்வத் மலையின் தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை ஏறும் இரண்டாம் கட்டம் 2005இலும் திறக்கப்பட்டன. அதன்பின் உலகெங்கிலும் இருந்து சறுக்குவீரர்கள் அஃபர்வத்தின் தூள்பனியைத் தேடி வரலாயினர்.

குல்மார்க் குறித்த கலவையான உணர்வு கூர்மையடைவது இங்கேதான். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு அருகில் இருக்கிறது. சறுக்குத் தடங்களும் இராணுவ முகாம்களும் ஒரே மலையைப் பகிர்ந்துகொள்கின்றன. பள்ளத்தாக்கின் பிற பகுதிகளில் கடையடைப்பும் ஊரடங்கும் நிலவிய குளிர்காலங்களிலும் குல்மார்க்கின் வெண்ணிறப் படங்கள் 'இயல்புநிலை'யின் சான்றாகச் சுற்றுலா விளம்பரங்களில் வந்தன. எனினும் சறுக்குக் கட்டைகளை வாடகைக்கு விடுபவர்களும், மரச்சறுக்கு வண்டியில் பயணியை அமர்த்தி மூச்சிரைக்க இழுத்துச் செல்பவர்களும், வழிகாட்டிகளும் சுற்றியுள்ள சிற்றூர்களைச் சேர்ந்தவர்களே. அவ்விளம்பரத்தின் அரசியலை அவர்கள் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளவேண்டிய நிலையில் இல்லை. அந்த விளம்பரம் நின்றுபோனால் அடுப்பு எரியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். 2017 ஜூன் 25 அன்று புயற்காற்றில் மரம் ஒன்று முறிந்து வீழ்ந்ததில் கொண்டோலாவின் பெட்டி நிலைகுலைந்து ஏழு பேர் இறந்தனர். நால்வர் தில்லியிலிருந்து வந்த ஒரே குடும்பத்தினர். மூவர் உள்ளூர் வழிகாட்டிகள். விருந்தினரும் வழிகாட்டியும் ஒரே பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தனர் என்ற செய்தி, அவ்வூரின் பொருளாதாரத்தையே ஒரு காட்சியாகச் சுருக்கிக் காட்டியது.

காஷ்மீரிலிருந்து தென்கிழக்கே, உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் இருக்கும் ஔலியின் கதை பேரரசில் தொடங்கவில்லை, எல்லையில் தொடங்குகிறது. நீதி, மானா கணவாய்கள் வழியே திபெத்தோடு உப்பும் கம்பளியும் தானியமும் மாற்றி வாழ்ந்த போட்டியா மக்களின் வணிகம் 1962 போரோடு முடிந்தது. ஜோஷிமட் படைநகராயிற்று. அதற்கு மேலே, ஏறத்தாழ 2,500 முதல் 3,000 மீட்டர் உயரத்தில் இருந்த ஔலிச் சரிவில் இந்தோ-திபெத் எல்லைக் காவல்படை தன் வீரர்களுக்குப் பனிச்சறுக்குப் பயிற்சி அளித்தது. சுற்றுலா அதன் பின்னே வந்தது. 1990களில் ஜோஷிமட்டையும் ஔலியையும் இணைத்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்தில் ரோப்வே இயங்கத் தொடங்கியது. 2011 ஜனவரியில் முதல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் தேராதூனிலும் ஔலியிலும் நடைபெற்றன.

ஔலிக்கு வருவோர் முதலில் புகழ்வது அங்கிருந்து தெரியும் நந்தாதேவியின் காட்சியை. அக்காட்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1974 மார்ச்சில் ஜோஷிமட்டுக்கு அப்பால் உள்ள ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரங்களைக் காத்து நின்றனர். சிப்கோ இயக்கத்தின் புகழ்மிக்க நிகழ்வு அது. 1982இல் நந்தாதேவி தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டு உள்வனம் மூடப்பட்டபோது, அதே மக்களின் மேய்ச்சலும் மூலிகை சேகரிப்பும் சுமைதூக்கும் வேலையும் தடைப்பட்டன. காட்டைக் காத்தவர்கள் காட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். இன்று ஔலியின் விடுதி முற்றத்திலிருந்து நந்தாதேவியைக் காண்பவர், அம்மலையின் அடிவாரத்து மேய்ச்சல் வழிகளை இழந்தவர்களின் தலைக்கு மேலாகவே அதைக் காண்கிறார்.

ரேணியில் பெண்கள் மரங்களைத் தழுவிய இரண்டே ஆண்டுகளில், 1976இல், மிஸ்ரா குழு தன் அறிக்கையை அளித்தது. ஜோஷிமட் உறுதியான பாறையின்மீது நிற்கவில்லை. பழைய நிலச்சரிவு கொண்டுவந்து குவித்த மண்ணும் கல்லும் கலந்த மேட்டின்மீது நிற்கிறது என்று அது எச்சரித்தது. கனமான கட்டுமானங்களைக் கட்டுப்படுத்துதல், சரிவின் பாறைகளைப் பெயர்க்காதிருத்தல், வெடிவைப்பைத் தவிர்த்தல், மரங்களைக் காத்தல், மழைநீருக்கும் கழிவுநீருக்கும் வடிகால் அமைத்தல் ஆகியன அதன் பரிந்துரைகள். அடுத்த நாற்பதாண்டுகளில் பத்ரிநாத் யாத்திரிகர்களுக்கும் ஔலிப் பயணிகளுக்குமாக அடுக்குமாடி விடுதிகள் எழுந்தன. 2018இல் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்குவதைத் தடை செய்தது. அதற்கடுத்த ஆண்டு ஜூன் மாதம், ஔலிச் சரிவில் ஒரு செல்வக் குடும்பத்தின் திருமணம் நடந்தது. 200 கோடி ரூபாய்ச் செலவு எனச் செய்தித்தாள்கள் எழுதிய விழா அது. உயர்நீதிமன்றம் தலையிட்டு, சூழல் பாதிப்புக்கு ஈடாக 3 கோடி ரூபாய் வைப்புத்தொகை செலுத்த ஆணையிட்டது. விழா முடிந்தபின் மலைபோல் குவிந்த குப்பை பல நாள் அகற்றப்பட்டது.

2021 பிப்ரவரி 7 அன்று ரிஷிகங்கையில் பாறையும் பனியும் சரிந்து பெருவெள்ளம் எழுந்தபோது ரேணிப் பகுதியும் அதற்குக் கீழிருந்த நீர்மின் நிலையங்களும் சிதைந்தன. இறந்தோரும் காணாமற்போனோரும் 200க்கு மேற்பட்டோர். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டின் 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் வெடிப்புகள் கண்டன. சாய்ந்து நின்ற இரண்டு விடுதிகள் இடிக்கப்பட்டன, ரோப்வே நிறுத்தப்பட்டது. நீர்மின் திட்டச் சுரங்கமே காரணம் என ஊர்மக்கள் பலர் குற்றஞ்சாட்டினர். அரசுத் தரப்பு மறுத்தது. காரணங்களின் பங்கு குறித்த வாதம் ஓயவில்லை. ஆனால் நிலத்தின் இயல்பு 1976லேயே எழுத்தில் இருந்தது. வீட்டை இழந்தவர்களுள் விடுதி நடத்தியோரும் வாடகை வண்டி ஓட்டியோரும் சறுக்குப் பயிற்சியளித்தோரும் இருந்தனர். பயணிகள் வரக்கூடாது என்று அவர்கள் விரும்பவில்லை. ஊரின் எடை தாங்கும் அளவை யாரேனும் கணக்கிட்டிருக்க வேண்டும் என்றே விரும்பினர்.

குல்மார்க்கும் ஔலியும் கட்டி எழுப்பப்பட்ட தளங்கள். கட்டப்படாமல் போன தளம் ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. இமாச்சலப் பிரதேசத்தின் மணாலிக்கு மேலே, ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரனான ஆல்ஃபிரட் ஃபோர்டின் முதலீட்டில் 'இமாலயன் ஸ்கீ வில்லேஜ்' எனும் பெருந்திட்டம் 2000களின் நடுவில் முன்வைக்கப்பட்டது. விடுதிகளும் கம்பிவட ஊர்திகளும் கொண்ட முழு நகரமே அதன் கனவு. மேய்ச்சல், காட்டுரிமை, குடிநீர் ஆகியவை குறித்து ஊர்கள் அஞ்சின. 2006இல் குலு பள்ளத்தாக்கின் தெய்வங்கள் நக்கரில் உள்ள ஜக்தி பட் எனும் கற்பலகையின் முன் கூடின. அதற்கு 'ஜக்தி பூச்' என்று பெயர். ஊரனைத்துக்கும் பொதுவான இடர் வருங்கால் தெய்வங்களின் கருத்தைக் கேட்கும் அவை அது. 'குர்' எனப்படும் சாமியாடிகளின் வாய்மொழியாகத் தெய்வங்கள் திட்டத்தை மறுத்தன. நீதிமன்றத்திலும் ஆட்சி மாற்றங்களிலும் சிக்கிய திட்டம் இறுதியில் நிறைவேறவில்லை.

இதனை மூடநம்பிக்கை வளர்ச்சியைத் தடுத்த கதை என்று சிலரும், பழங்குடி அறிவு முதலீட்டை வென்ற கதை என்று சிலரும் கூறினர். இரண்டும் முழு உண்மையாகா. அப்பள்ளத்தாக்கிலேயே திட்டத்தை வரவேற்ற இளைஞர்களும் இருந்தனர். மறுப்புக்குப் பின்னரும் சொலாங் சரிவில் சுற்றுலா பெருகியே வந்தது. கவனத்துக்குரியது வேறொன்று. குல்மார்க்கில் ஒரு சமஸ்தானமும் பேரரசும், ஔலியில் படையும் அரசும் முடிவெடுத்தன. 'இந்நிலத்தை என்ன செய்யலாம்' என்று நிலத்தில் வாழ்வோரின் அவையில் கேள்வி எழுந்தது குலுவில் மட்டுமே. தெய்வங்கள் பேசினவா என்பது நம்பிக்கை சார்ந்தது. மக்கள் பேசுவதற்கு அங்கே ஓர் அவை இருந்தது என்பது வரலாறு.

இன்று மூன்றாவது தரப்பாகப் பனியே விலகத் தொடங்கியிருக்கிறது. இமயத்தின் குளிர்காலப் பனிக்கு மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகளே ஆதாரம். 2011 போட்டிகளையொட்டி ஔலியில் செயற்கைப் பனி இயந்திரங்களும், அவற்றுக்கு நீர் வழங்க மலைமேல் ஒரு செயற்கை ஏரியும் அமைக்கப்பட்டன. எனினும் காற்று போதிய அளவு குளிர்ந்து உலர்ந்திருந்தாலன்றி இயந்திரத்தாலும் பனியை உண்டாக்க இயலாது. 2023 பிப்ரவரியில் ஔலியில் நடக்கவிருந்த தேசியப் போட்டிகள் பனியின்மையால் கைவிடப்பட்டன. 2024 ஜனவரியில், சில்லை கலானின் நடுவே, குல்மார்க்கின் சரிவுகள் பழுப்பு நிறத்தில் வெறுமையாகக் கிடந்தன. பயணிகள் முன்பதிவை நீக்கினர். பள்ளத்தாக்கின் ஆப்பிள் விவசாயிகள் வேனில்நீரை எண்ணிக் கவலையுற்றனர். ஏறத்தாழ நூறாண்டுகளாகத் தனித்தனியே எழுதப்பட்டு வந்த இரு கணக்குகளும் அந்த ஜனவரியில் ஒரே பக்கத்தில் வந்து நின்றன.

விரும்பும் ஓர் இடத்தைக் குறித்து ஐயமின்றிப் பேச இயலாமற்போவது அவ்விடத்தின்மீதுள்ள பற்றுக்குக் குறை ஆகாது. அதன் வரலாற்றை அறிந்தவரின் பற்று அவ்வாறே இருக்கும். புறக்கணிப்பும் எளிய விடையன்று. பயணி வராத குளிர்காலத்தின் சுமையை முதலில் சுமப்பவர் சறுக்குவண்டி இழுப்பவரே. அடுத்த விடுதியோ அடுத்த ரோப்வேயோ திட்டமிடப்படும்போது, அறிக்கை எழுதும் குழுவில் ஓர் இடையரும் ஒரு வழிகாட்டியும் அமர்கிறார்களா, 1976இல் நேர்ந்ததுபோல் அறிக்கை அலமாரியில் உறங்குகிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

2024இல் ஜோஷிமட் வட்டத்துக்கு ஜோதிர்மட் எனும் அதன் தொன்மைப் பெயர் அரசாணையால் மீட்டளிக்கப்பட்டது. 'மர்க்', 'புக்யால்' எனும் சொற்களை மீட்க ஆணை எதுவும் தேவையில்லை. அவை இன்றும் நாவில் இருக்கின்றன. ஆண்டுதோறும் மே மாதத்தில் பனி கரைந்து புல் தலைகாட்டும்போது, மந்தைகளை ஓட்டிக்கொண்டு மேலேறுவோர் அச்சொற்களையே சொல்கின்றனர்.