பழம் யந்திரங்களின் மறுவாழ்வு

எந்த யந்திரமும் தன் காலம் முடிந்ததும் கழிந்துபோகும், அதனிடத்தைப் புதியதொன்று பிடித்துக்கொள்ளும் என்பது பொதுவாக எவரும் சொல்லும் கூற்று. சரித்திர நூல்களும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டிருக்கின்றன. விளக்கின் பின் மின்குமிழ், துலாவின் பின் பம்பு, மாட்டுவண்டியின் பின் மோட்டார் வண்டி எனப் படிக்கட்டுகள் போல ஒன்றன்மேலொன்றாக அடுக்கிக் காட்டுவர். ஆயினும், யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்த நம்மவர்க்கு அப்படிக்கட்டிலே மேலிருந்து கீழே இறங்கிய அனுபவமும் உண்டு. அவ்வாறு இறங்கிய காலத்தில் நம் கைக்கு அகப்பட்ட பழம் பொருள்கள் எவை, அவற்றுட் சில இன்னும் நம்மை விட்டு நீங்காதிருப்பது ஏன் என்பவற்றை இம்மலரைப் படிக்கும் வாலிபர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதியோர்க்கு இதிற் புதுமை எதுவும் இராது. பிழை கண்டால் அவர்கள் திருத்துவார்களாக.

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. அதன்பின் குடாநாட்டுக்கு மின்சாரம் வரவில்லை. புகையிரதமும் நின்றது. பெற்றோல், பற்றறி முதலியன வடக்கே கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மண்ணெண்ணெய் கிடைத்ததெனினும் அளவோடும் கடுவிலையிலுமே கிடைத்தது. மின்சாரத்தையும் பெற்றோலையும் நம்பிய யந்திரங்கள் யாவும் ஒரே பருவத்தில் உயிரற்றுக் கிடந்தன. அப்போது எழுந்து நடமாடியவை, மூலையிலே போடப்பட்டிருந்த கிழங்களே.

அவற்றுள் முதலில் சொல்லத்தக்கது ஒஸ்ரின் ஏ-40 என்னும் மோட்டார் வண்டி. இங்கிலாந்திலே 1947 இல் டெவன் என்ற பெயரோடும், 1952 இல் சோமசெற் என்ற பெயரோடும் வெளிவந்து, 1954 உடன் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. உருண்ட முதுகும் தடித்த தகடும் உடைய அவ்வண்டியைக் காணாத யாழ்ப்பாணத்துக் கலியாண வீடு இல்லை எனலாம். அதற்கு இணையாக ஓடியது மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பவர் அமைத்து 1948 இல் வெளிவந்த அவ்வண்டி, பத்து லட்சத்துக்கு மேல் விற்பனையான முதற் பிரித்தானிய மோட்டார் வண்டியாகும். 1971 இல் உற்பத்தி முடிந்தபோது மொத்தம் பதினாறு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டிருந்தது. (மாதிரி வண்டி ஒடுங்கலாக இருக்கக் கண்ட இசிகோனிஸ் அதை நீளப்பாட்டில் இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்து அகலத்தைத் தீர்மானித்தாராம். அதன் முன்மூடியில் நடுவே ஓடும் மேட்டுப்பட்டை அந்த வெட்டின் தழும்புதான்.)

இவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. ஓட்டப்பட்டன என்பதே சரி. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே அதைக்கொண்டு தொடக்கி வைத்தல் இயலாது. சாரதி ஒரு சிறு போத்தலிலே பொன்போல் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைத் தொடக்குவார். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் தானே ஆவியாகி எரியத் தொடங்கும். வழியிலே நின்றுவிட்டாலோ, மூடியைத் திறந்து மீண்டும் அதே பூசை. புகை கண்ணைக் கரிக்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். ஆயினும் வண்டி நகரும். நோயாளி வைத்தியசாலை சேருவார்.

அக்காலத்திற் கராச்சுகளில் வேலைசெய்தோர் இதனை ஒரு புதுக் கண்டுபிடிப்பாகவே பேசிக்கொண்டனர். உண்மையில் இது மிகப் பழைய வித்தை. 1917 இல் அமெரிக்காவில் வெளிவந்த போட்சன் உழவு யந்திரம் பெற்றோலிலே தொடங்கி மண்ணெண்ணெயில் உழுதது. இங்கிலாந்தின் பேர்கசன் உழவு யந்திரத்திலும் அவ்விதம் ஓடும் வகை ஒன்று 1949 முதல் விற்பனையாயிற்று. நூல் எதனையும் பாராது, தேவை ஒன்றே ஆசிரியனாக, அதே வழியை நம் ஊர்க் கராச்சுகள் தாமாகக் கண்டுகொண்டன என்பதுதான் வியப்பு.

புதிய வண்டிகள் ஏன் இவ்வாறு ஓடவில்லை? எஞ்சினுள்ளே எரிபொருளும் காற்றும் எத்தனை மடங்கு அமுக்கப்படுகின்றன என்பதிலேதான் விடை இருக்கிறது. சோமசெற் எஞ்சின் ஏழு மடங்கிற்குச் சற்று அதிகமாகவே அமுக்கியது. அவ்வளவு மென்மையான அமுக்கத்தை மண்ணெண்ணெய் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பிற்கால எஞ்சின்கள் ஒன்பது, பத்து மடங்கு அமுக்கி, அதனாலே குறைந்த எரிபொருளிற் கூடிய வலுவைப் பெற்றன. அங்கே மண்ணெண்ணெய் காலந்தப்பி வெடித்து எஞ்சினை அடித்து நொறுக்கும். எது புதிய வண்டியின் திறமையோ அதுவே பஞ்சகாலத்தில் அதற்குப் பகையாயிற்று. பழைய வண்டியின் மந்தம் அதைக் காப்பாற்றிற்று.

இன்னுமொன்று. அதன் மூடியைத் திறந்தால் உள்ளேயிருப்பது அனைத்தும் கண்ணுக்குத் தெரியும். தீப்பொறி எங்கே பிறக்கின்றது, எண்ணெய் எவ்வழி வருகின்றது என்பதைப் பதினான்கு வயதுப் பையனும் ஒரு பிற்பகலிற் கற்றுக்கொள்ளலாம். தேய்ந்த உறுப்பைக் கடைசல் பட்டறையிற் கடைந்து எடுக்கலாம். இஃது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய பெருமையன்று. 1990களிலே தென்னிலங்கையில் ஒரு தொழிற்சாலை மொறிஸ் மைனருக்கு உதிரிப்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிற்று. பிறந்த நாடு மறந்த கைத்தொழிலை, வாங்கிய நாடு மறவாதிருந்தமையைக் காண்க.

மோட்டார் வண்டி வசதியுள்ளோர்க்கும் வாடகை கொடுத்தோர்க்கும் உரியது. எல்லோர்க்கும் உரியதாயிருந்தது சைக்கிள். விறகும் மரக்கறியும் நோயாளியும் சில வேளை பிரேதமும் அதிலே சென்றன. அதன் பின்சில்லில் உராயும் சிறு டைனமோ, முன்விளக்கை எரிப்பதற்கென அமைந்தது. ஆறு வோல்ற்று, மூன்று வாற்று, அவ்வளவே. நான்கு பற்றறி போடும் வானொலிப் பெட்டிக்கும் வேண்டுவது ஆறு வோல்ற்றுத்தான் என்பதை யாரோ ஒருவர் உணர்ந்த நாள், குடாநாட்டுச் சரித்திரத்திற் குறிக்கத்தக்க நாள். டைனமோவிலிருந்து வருவது திசைமாறும் மின்னோட்டம். நான்கு டையோட்டுகளைக் கோத்து அதை ஒருதிசைப்படுத்தினர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுற்ற, வீட்டாரும் அயலாரும் சூழ்ந்திருந்து இலண்டன் பீ.பீ.சீ. தமிழோசையின் செய்தியைக் கேட்டனர். சுற்றுபவர் அயர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் அயரும். உற்சாகம் மிகுந்து வேகமாகச் சுற்றினால் பெட்டி எரிந்துபோகும் என்று பெரியவர்கள் அதட்டுவர். எங்கள் அயலிலே இந்தச் சுற்றும் வேலை பெரும்பாலும் சிறுவர் தலையிலேயே விழுந்தது. உலகச் செய்தி முழுவதையும் கைநோவோடு கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை நாங்கள். அத்தமிழோசை வானொலி ஒலிபரப்பு 2017 இல் நின்றபோது, நெடுநாளாக அதைக் கேளாதிருந்தவர்களும் வருந்தியதன் காரணம் இதுவாயிருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறாது செல்லுதல் முறையன்று. இக்கதைகளைச் சொல்லும்போது, அக்காலம் ஏதோ பொற்காலம் போல நம் வாயிலிருந்து வந்துவிடுகிறது. ஜாம் போத்தல் விளக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு வெறும் ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை வைத்துச் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி, மெல்லிய திரியொன்றைக் கம்பியினால் நிமிர்த்திவிட்டால் விளக்கு ஆயிற்று. போத்தலின் சுவரே சிமினியாகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிற் பாடம் படித்துப் பரீட்சை எழுதினோம் என்று இன்று பெருமையாகச் சொல்லுகிறோம். கண்ணெரிவையும் புகை குடித்த நெஞ்சையும் சொல்லுவதில்லை.

விளக்குகள் கவிழ்ந்தும் விழுந்தும் உண்டான தீக்காயங்கள் இலங்கை முழுவதற்கும் பொதுவான துன்பமாயிருந்தன. மின்சாரமில்லாத ஏழைக் குடிசைகளிற் போத்தல் விளக்குச் சரிந்து எரிந்த நோயாளரைச் சத்திரசிகிச்சை செய்து செய்து மனம் நொந்த வைத்தியர் விஜய கொடகும்புர என்பார், 1992 அளவிலே ஒரு புது விளக்கை அமைத்தார். அவர் கண்ணிற் பட்டது மாமைற் போத்தல். குட்டையானது, கனத்தது, இலகுவிற் கவிழாதது. அதைப் பார்த்து, பக்கம் தட்டையாகவும் மூடி திருகி இறுக்கத்தக்கதாகவும் ஒரு கண்ணாடி விளக்கைச் செய்வித்தார். சரிந்தாலும் உருளாது, உருளாவிடின் எண்ணெய் சிந்தாது. இப்பணிக்காக 1998 இல் ரோலெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. பழையதைப் போற்றுவதென்றால் அதைத் தொட்டுக் கும்பிடுவது மட்டுமன்று என்று நான் எண்ணுவதற்கு இவ்வைத்தியரின் விளக்கு ஒரு காரணம்.

இனித் துலாவுக்கு வருவோம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. நிலத்தின் கீழுள்ள சுண்ணக்கல்லில் மழைநீர் தேங்கி, கடலிலிருந்து ஊறிய உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் அந்த வில்லையை நம்பியே விளைகின்றன. நம் முன்னோர் அந்நீரை எடுத்த கருவி துலா. இரண்டு ஆடுகால்களுக்கிடையே கிடக்கும் நெடுமரம் அது. அதன் ஒரு நுனியிலிருந்து துலாக்கொடி தொங்கும். கொடியின் முனையிலே பனையோலைப் பட்டை. ஒருவரோ இருவரோ மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடந்து துலா மிதிப்பர். ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டை பிடித்து ஊற்றுவார். இன்னொருவர் தோட்டத்திலே பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். விடியுமுன்னே தொடங்கும் இவ்வேலையிற் கால் தவறினால் விழும் இடம் கிணறு. எகிப்திலும் இதனையொத்த ஏற்றம் பல்லாயிரம் ஆண்டு பழமையுடையது. ஆனால் அங்கே நைல் நதிக்கரையில் ஒருவர் நின்று இழுப்பதே வழக்கம்.

மண்ணெண்ணெயில் ஓடும் பம்புகள் பரவிய பின்னர், துலாக்கள் ஒன்றொன்றாக விறகாயின. அதிற் குறைசொல்ல ஒன்றுமில்லை. துலா மிதித்தவரின் முழங்காலைக் கேட்டாற் சொல்லும். 1990க்குப் பின் எண்ணெய் அரிதானபோது, எஞ்சிய துலாக்கள் மறுபடியும் ஆடின. கழற்றிய இடத்திற் சிலர் புதிதாகவும் கட்டினர். போர் ஓய்ந்து எண்ணெயும் மின்சாரமும் வந்ததும் மீண்டும் ஓய்ந்தன.

ஆனால் பம்பு அறியாத ஒன்றைத் துலா அறிந்திருந்தது. பம்பு வில்லையின் தடிப்பைக் கேளாது இறைக்கும். நன்னீர் மெலிய மெலிய அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். கடலோரக் கிணறுகள் பல உவர்ப்பேறியதற்கு அளவின்றி இறைத்தமையும் ஒரு காரணமென நீரியல் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். துலாவோ மனிதனின் களைப்பால் அளவுபட்டது. மிதிப்பவர் இறங்கி இளைப்பாறும்போது கிணறும் இளைப்பாறி ஊறிக்கொண்டது. இதை முன்னோரின் தீர்க்கதரிசனம் என்று சிலர் மேடையில் முழங்குகிறார்கள். எனக்கு அவ்வளவு தோன்றவில்லை. இயன்றிருந்தால் அவர்களும் கூடுதலாகவே இறைத்திருப்பர். கருவியின் பலவீனம் கிணற்றுக்கு நன்மையாயிற்று, அவ்வளவே. ஆயினும் நன்மை நன்மைதான்.

2022 இல் நாடு முழுவதும் எரிபொருள் பஞ்சம் வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் எனப் பங்கிடப்பட்டது. கொழும்பிலே உத்தியோகத்தர் சைக்கிளில் கந்தோருக்குச் சென்ற படங்களைப் பத்திரிகைகள் அதிசயமாக வெளியிட்டன. நம்மவர் அதிசயிக்கவில்லை. முற்றத்துக் கொட்டிலிலிருந்து பழைய றலி சைக்கிள்கள் இறங்கின. ஆனால் ஒஸ்ரினின் பழைய மந்திரம் இம்முறை பலிக்கவில்லை. மண்ணெண்ணெயும் கிடைக்காது போயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிற்று. கடற்றொழிலாளர் படகுகளைக் கரையிலேற்றி வைத்தனர். ஒரு பஞ்சத்திற் கைகொடுத்த பழம் பொருள் அடுத்த பஞ்சத்திலும் கைகொடுக்கும் என்று எழுதிக்கொடுக்க முடியாது.

பொருள் இருந்தாலும் அதை ஆளத் தெரிந்த கை வேண்டும் என்பது மற்றொன்று. எங்கள் ஒழுங்கையிலே ஒரு தோட்டக் கிணற்றில் ஆடுகால் இரண்டும் இன்னமும் நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொடி கட்டி உடுப்புக் காயப்போடுகிறார்கள். சென்ற வருடம் பாடசாலைப் பிள்ளைகள் சிலர், ஒரு கண்காட்சிக்கெனத் துலா ஒன்றைக் கட்டிக் காட்ட விரும்பி அங்கே வந்தார்கள். மரம் கிடைத்தது; கயிறு கிடைத்தது; பட்டை இழைப்பதற்கும் ஒரு ஆச்சி கிடைத்தார். துலாவை ஆடுகாலோடு பிணைக்கும் அச்சை எவ்விடத்தில் இட்டால் பாரம் ஒக்கும் என்பது மட்டும் எவருக்கும் தெரியவில்லை. மூன்று நாள் முயன்றார்கள். ஒருமுறை முன்பாரம், மறுமுறை பின்பாரம். கடைசியில் அயலூரிலிருந்து ஒரு பெரியவரை முச்சக்கர வண்டியில் ஏற்றிவந்தார்கள். அவர் மரத்தைத் தோளில் ஏந்தி, முன்னும் பின்னும் இருமுறை அசைத்துப் பார்த்து, ஓரிடத்திற் கரித்துண்டாற் கோடிட்டார். அது சரியாக நின்றது. அவருக்கு வயது எண்பத்துமூன்று.