நினைவை நெய்தவர்கள்

மார்ஷல் மெக்லூகன் ஊடகங்களைப் பற்றி 1964இல் எழுதிய நூலின் துணைத்தலைப்பு, 'மனிதனின் நீட்சிகள்'. சக்கரம் காலின் நீட்சி, ஆடை தோலின் நீட்சி, மின்தொழில்நுட்பமோ நரம்பு மண்டலத்தின் நீட்சி என்றார் அவர். கைபேசியைத் தொலைத்துவிட்டுத் தவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (ஆங்கிலத்தில் அந்த 'மனிதன்' ஆணையும் குறிக்கும் சொல். தமிழிலும் அதில் ஆண்பால் விகுதி உட்கார்ந்திருக்கிறது. வகுப்பில் நான் 'மனிதர்' என்று மாற்றிக்கொள்வேன்.) நீட்சி சரி, நீட்டிய கை யாருடையது?

அதே அறுபதுகளில், அமெரிக்காவின் வால்தம் நகரில், ரேதியான் தொழிற்சாலைப் பெண்கள் அப்பல்லோ விண்கலத்தின் கணினிக்கு நினைவகம் நெய்துகொண்டிருந்தார்கள். நெய்தார்கள் என்பது உவமையல்ல. சின்னஞ்சிறு காந்த வளையங்கள், மெல்லிய செம்புக் கம்பி. வளையத்துக்குள் கம்பி நுழைந்தால் 1. வெளியே போனால் 0. எதிரெதிரே அமர்ந்த இரு பெண்கள் கம்பி கோத்த ஊசியை மாற்றி மாற்றி வாங்கிக் கொடுப்பார்கள். எந்தத் துளை என்பதை இயந்திரம் காட்டும், கோப்பது கை. இப்படி 36,864 'சொற்கள்'. கணினிக் கணக்கில் ஒரு சொல்லுக்கு 16 பிட். மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவு அது. ஆனால் ஒரு பிழையைத் திருத்த வேண்டுமென்றால் நெய்ததைப் பிரிக்க வேண்டும். அதனால் நிரல் எழுதியவர்கள் பல வாரங்களுக்கு முன்பே எழுதி முடித்தாக வேண்டும். நிரலின் நாட்காட்டியே நெசவின் வேகத்தைப் பார்த்து நகர்ந்தது.

வால்தமுக்கு இந்தக் கைகள் புதியவை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெண்களை வைத்து ஓடிய பருத்தி ஆலை அங்கே இருந்தது; பின்னர் கடிகாரத் தொழிற்சாலை. பொறியாளர்கள் இந்த நினைவகத்துக்கு வைத்த செல்லப்பெயர், 'குட்டிக் கிழவி' முறை. செல்லம்தான், ஆனால் அதில் திறமைக்கு இடமில்லை, வயதும் பாலும் மட்டுமே இருந்தன.

நன்னூல் பாயிரத்தில் ஒரு பாட்டு, நூல் இயற்றுவதை நூல் நூற்பதோடு ஒப்பிடுகிறது. சொல்லே பஞ்சு, வாயே கை, மதியே கதிர். புலவனுக்கு உவமை, நூற்கும் பெண். கருவிக்குள் மதியைக் கண்ட அந்தப் பாட்டு எனக்கு மெக்லூகனைவிட நெருக்கம். ஆயினும் உவமையில் வந்தவள் நூலாசிரியர் வரிசையில் வரவில்லை.

1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கிய கலத்தின் கணினி, தன் கட்டளைகளை அந்தக் கம்பிகளிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தது.