திருவாரூர்ப் பிறந்தாரும் அவர் பிறந்த மனையும்

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகை அருளியபோது, தனியடியார்களோடு தொகையடியார் ஒன்பது கூட்டத்தாரையும் வைத்துப் போற்றினார். அவ்வொன்பதனுள் திருவாரூர்ப் பிறந்தார் என்பதும் ஒன்று. அரிய தொண்டு செய்தமை பற்றியன்றி, அப்பதியிற் பிறந்தமை ஒன்று பற்றியே அடியார் வரிசையில் இடம் பெறுவது வேறெவ்வூரார்க்கும் இல்லாத பேறாம். ஓரூரிற் பிறத்தலையே புண்ணியமெனக் கொண்ட சைவ மக்களுக்கு, ஆன்றோர் பிறந்த மனையைப் பேணுதல் பிறர் வந்து கற்பிக்க வேண்டுவதன்று.

இத்திருவாரூரில் 1762இல் சியாமா சாஸ்திரிகளும், 1767இல் தியாகராஜ சுவாமிகளும், 1775இல் முத்துசுவாமி தீக்ஷிதரும் பிறந்தனர். மூவர் பிறந்த இடங்களும் நினைவில்லங்களாகப் போற்றப்பட்டு வருகின்றன. அவற்றுள் தீக்ஷிதர் மனையே சிவாலயத்தோடு மிக நெருங்கிய தொடர்புடையது.

தீக்ஷிதரின் தந்தையார் இராமசுவாமி தீக்ஷிதர், அம்சத்வனி இராகத்தை ஆக்கியவர் எனப் போற்றப்படுபவர். நெடுங்காலம் மகப்பேறின்றி வைத்தீசுவரன் கோயிலில் நோன்பிருந்து பெற்ற பிள்ளையாதலின், அங்கெழுந்தருளிய முத்துக்குமாரசுவாமியின் பெயரையே மைந்தர்க்கு இட்டனர். தியாகேசர் ஆலயத்து நாகசுர வாத்தியம் இன்ன காலத்தில் இன்ன இராகத்தில் ஒலிக்க வேண்டுமென முறைவகுத்தவரும் இத்தந்தையாரே என்பர். எனவே பிள்ளையின் செவியிற் பாய்ந்த முதலிசை, மனையினுள்ளே தந்தையின் வீணையும் வெளியே கோயில் நாகசுரமுமாம். இவ்விரண்டனுள் ஒன்றை நீக்கி அவ்வில்லத்தைக் காத்தல் பாதி காத்தலேயாகும்.

பின்னர்க் குடும்பம் சென்னையை அடுத்த மணலிக்குச் சென்றது. தீக்ஷிதர் காசியிலும் காஞ்சியிலும் வாழ்ந்து, மீண்டும் ஆரூருக்கே வந்து பல்லாண்டு தங்கினர். அக்காலத்து நிகழ்ந்ததாக வழங்கும் ஒரு வரலாறு உண்டு. ஒருநாள் சமைத்தற்கு அரிசியில்லை. மாணவியாகிய ஆடல் நங்கை கமலம் தன் பொன்வளையலை விற்று வாங்கிவர முற்பட, தீக்ஷிதர் அதனைத் தடுத்துத் திருக்கோயிலுக்குச் சென்று, தியாகேசர் மேல் யதுகுலகாம்போதியில் ஒரு கீர்த்தனம் பாடினர். அரசாங்க அலுவலர் ஒருவர் வருகைக்கெனச் சேர்த்த பண்டங்கள், அவர் வாராமையால், தீக்ஷிதர் மனைக்கு வந்து சேர்ந்தன. நினைவில்லம் காண வருவோர் வீணையை மட்டும் கண்டு போகாது, அன்று வெறுமையாயிருந்த அடுக்களையையும் எண்ணிப் பார்த்தல் நன்று. அக்கமலத்தோடு, கோயிலில் சுத்த மத்தளம் வாசித்த தம்பியப்பனும் அவர்பால் இசை பயின்றார். ஆலயப் பணியாளர்க்கு அம்மனை பள்ளியாயிருந்தது.

ஜெர்மனி நாட்டுப் பான் நகரில் 1770இல் இசைப்புலவர் பீத்தோவன் பிறந்த வீடு அழியும் நிலையை அடைந்தபோது, 1889இல் அந்நகரத்தார் பன்னிருவர் கழகமொன்று கூட்டி அதனை விலைக்கு வாங்கினர். 1893இல் அது காட்சியகமாயிற்று. அவர்கள் சுவரளவில் நின்றாரல்லர். 1927இல் அவர் கையெழுத்துச் சுவடிகளை ஆராயும் நிலையமொன்றும் அங்கே தோன்றியது. தீக்ஷிதர்க்குச் சுவடி இல்லாமற் போகவில்லை. அவர் தம்பியார் வழிவந்த சுப்பராம தீக்ஷிதர் 1904இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, கீர்த்தனங்களைச் சுரக்குறிப்போடு தந்த பெருநூல். அந்நூலைப் படித்துக் காட்டவும் பாடிக் காட்டவும் ஒருவர் நாள்தோறும் இல்லாத நினைவில்லத்தில் படங்களும் பலகைகளுமே எஞ்சும்.

முன்னோரும் இதனை உணர்ந்தேயிருந்தனர். தில்லையில் செல்லரித்த ஏடுகளிலிருந்து தேவாரத்தை மீட்ட பின்னர்ப் பண் அறிதற்குச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் எருக்கத்தம்புலியூர் சென்றனர் எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். அது திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். அங்கே அவர்கள் நாடியது பாணர் இருந்த இல்லத்தையன்று. அவர் மரபில் பாடவல்ல ஒரு பெண்ணையே.

திருவாரூரில் அம்மரபு முற்றும் அறுந்திலது. அசலேசர், ஆடகேசர், வன்மீகநாதர், ஆனந்தேசர், சித்தேசர் என்னும் ஐந்து மூர்த்திகள் மேலும் தீக்ஷிதர் கீர்த்தனம் செய்துள்ளார். இவற்றுள் அசலேசர் எழுந்தருளிய அரநெறியே நமிநந்தியடிகள் நீரால் விளக்கெரித்த இடம். நினைவில்லத்திலிருந்து ஒரு பாடகரை உடன்கொண்டு புறப்பட்டு, ஐந்து சந்நிதியிலும் அவ்வக் கீர்த்தனத்தைக் கேட்டு மீள்வதற்கு ஒரு முற்பகற் பொழுதே அமையும்.