சட்டைக்கு மேல் ஒரு சட்டை

நான் சிறுவனாக இருந்த காலத்தில் புதுச்சேரி ஜெயில் நேரு வீதியில் இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்குக் காலாப்பட்டு ஜெயில்தான் தெரியும். எங்கள் தெருவில் ஒருவர் அந்தப் பழைய ஜெயிலில் வார்டர். வேலைக்குப் புறப்படும்போது காக்கிச் சட்டைக்கு மேல் ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டுதான் சைக்கிளில் ஏறுவார். சித்திரை வெயிலிலும் அப்படியே. அதே தெருவில் இருந்த போலீஸ்காரரோ காக்கியோடு டீக்கடை வாசலில் நின்று ஊர்க்கதை பேசுவார். ஏன் இந்த வித்தியாசம் என்று அம்மாவிடம் கேட்டேன். "அவருக்கு மூணு பொண்ணுங்கடா. ஜெயில் உத்தியோகம்னு தெரிஞ்சா சம்பந்தம் பேச வர்றவங்க யோசிப்பாங்க" என்றார்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், சிறை என்றதும் என் நினைவுக்கு அடுத்து வருவது விக்டர் ஹ்யூகோ. 1834இல் அவர் எழுதிய 'கிளோது கே' என்ற சிறுகதையை எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் வகுப்பில் வாசிக்க வைத்தார். உண்மைச் சம்பவத்தை வைத்து எழுதிய கதை. இடம், கிளேர்வோ சிறை. 1115இல் புனித பெர்னார்து நிறுவிய மடம் அது. நெப்போலியன் காலத்தில், 1808இல், சிறையாக்கப்பட்டது. அங்கே கிளோது கே என்ற கைதி, தன்னோடு உணவைப் பகிர்ந்துகொண்ட நண்பனைப் பிரித்துவிட்டார் என்ற ஆத்திரத்தில், 1831இல் பட்டறைத் தலைவரை வெட்டிக் கொன்றான். மறு ஆண்டு அவன் தலை கில்லெட்டினில் விழுந்தது. பசிக்குச் சோறும் மனதுக்குக் கல்வியும் தராத சமூகம் தலையை மட்டும் வெட்டுவது என்ன நியாயம் என்று ஹ்யூகோ கேட்டார். வகுப்பில் எங்களுக்குக் கண் கலங்கியது. அறுபது ஆண்டுகள் ஆகியும் கைதியின் பெயரை மறக்கவில்லை. வெட்டுப்பட்டவர் பெயர் அன்றும் என் மனதில் நிற்கவில்லை, இன்றும் நிற்கவில்லை. அவரும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தானே என்று தோன்ற எனக்கு ரொம்ப நாளானது.

அதே கிளேர்வோவின் பெயரை 1971 செப்டம்பரில் பத்திரிகையில் மறுபடி பார்த்தேன். 21ஆம் தேதி காலை, உடம்புக்கு முடியவில்லை என்று நடித்து மருத்துவப் பகுதிக்குப் போன இரு கைதிகள், கிளோது புய்ஃபேயும் ரோஜே போந்தானும், அங்கிருந்த ஒரு செவிலியரையும் ஒரு காவலரையும் பணயமாகப் பிடித்தார்கள். ஆயுதமும் வாகனமும் கேட்டார்கள். இரவு முழுக்கப் பேச்சு. மறுநாள் விடியும் முன் படையினர் கதவை உடைத்து நுழைந்தபோது இருவரும் கழுத்தறுபட்டுக் கிடந்தார்கள். செவிலியர் பெயர் நிக்கோல் கோந்த். காவலர் பெயர் கி ஜிரார்தோ. இருவரும் இளம் வயதினர்.

அடுத்து நடந்தது உலகமே அறிந்தது. கொலை செய்தது புய்ஃபேதான், போந்தான் கையால் கொல்லவில்லை என்று த்ருவா நகர நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. ஆனாலும் இருவருக்கும் மரணதண்டனை. குடியரசுத் தலைவர் பொம்பிதூ கருணை காட்டவில்லை. 1972 நவம்பர் 28 விடியலில், பாரீஸ் லா சாந்தே சிறையில் இருவர் தலையும் விழுந்தன. போந்தானின் வழக்கறிஞர்களில் ஒருவரான ரொபேர் பதேன்தேர் அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். 1981இல் நீதி அமைச்சராகி மரணதண்டனையையே ஒழித்தார். 2025 அக்டோபரில், பிரான்சு தன் பெரியோர்களை வைத்துப் போற்றும் பாந்தெயோனில் அவருக்கும் இடம் கிடைத்தது. அவர் மீது எனக்கு மாறாத மரியாதை உண்டு. அவர் செய்தது சரி. என் சங்கடம் வேறு. அந்த வழக்கிலிருந்து ஒரு நூல் வந்தது, ஒரு சட்டம் வந்தது. காவலர் வேலைக்கு என்ன வந்தது?

முப்பத்தைந்து ஆண்டுகள் அரசுக் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். ஆகவே ஆணைகளின் வழியாகவே இதைப் பார்க்கத் தோன்றுகிறது.

முதலில் 1958 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஆணை. தெ கோல் ஆட்சிக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சிறை ஊழியர்களுக்குத் 'தனி அந்தஸ்து' என்று அந்த ஆணை சொன்னது. கேட்க நன்றாயிருக்கிறது. உள்ளே படித்தால், கூட்டாக வேலையை நிறுத்துவது தடை. மீறினால் வழக்கமான விசாரணைப் பாதுகாப்பு எதுவும் இல்லாமலே தண்டிக்கலாம் என்று இருந்தது. அன்றுமுதல் பிரெஞ்சு சிறைக் காவலருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை. கோபம் வந்தால் சிறை வாசலில் டயரைக் கொளுத்தி வழியை மறிக்கிறார்கள்.

அடுத்தது 1971 நவம்பர் 12ஆம் தேதி சுற்றறிக்கை. கிளேர்வோவுக்குப் பின் காவலர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். நீதி அமைச்சர் ரெனே ப்ளேவென் என்ன செய்தார்? கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தார் கைதிகளுக்கு அனுப்பும் பொட்டலத்தை நிறுத்தினார். வருடத்தில் ஒருமுறை வீட்டிலிருந்து வரும் தின்பண்டம் அது. டிசம்பரில் தூல் சிறையில் கலகம், ஜனவரியில் நான்சி சிறையில் கலகம், வேறு பல சிறைகளிலும் கொந்தளிப்பு. அந்தக் கலகங்களின் முன்னால் நிற்கவேண்டியிருந்தது யார்? அதே காவலர்கள்தான். அவர்கள் கேட்டது ஆள், பாதுகாப்பு. கிடைத்தது, கைதியின் கூடுதல் வெறுப்பு. கைதியின் வாழ்வைக் கெடுத்துக் காவலரைப் பாதுகாக்க முடியாது என்பதை இந்த ஒரு சுற்றறிக்கையே காட்டிவிட்டது.

1992 செப்டம்பரில் கிளேர்வோவிலிருந்து எட்டுக் கைதிகள் தப்பினார்கள். அதில் ஒரு காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். போராட்டம், வாக்குறுதி, பிறகு மௌனம்.

நான்காவதாக நான் பார்ப்பது 2010இல் எடுத்த முடிவு. அதுவரை கைதிகளை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போய்வந்தது போலீசும் ஜாந்தார்மும். அந்த வேலையைப் படிப்படியாகச் சிறைத் துறைக்கு மாற்றினார்கள். 2011இல் தொடங்கியது. எந்த அலுவலகத்திலும் இதுதான் கதை: வேலை முழுதாக மாறும், பணியிடம் பாதிதான் மாறும். கணக்கிட்டுக் கொடுத்த ஆட்கள் போதவில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது.

நடுவில் ஒரு மரியாதையும் கிடைத்தது. 2016 ஜூலை 14 அன்று ஷான்செலிசே அணிவகுப்பில் சிறைத் துறை முதல்முறையாக நடந்தது. அந்த இரவே நீஸ் கடற்கரைச் சாலையில் லாரி ஏற்றி மக்களைக் கொன்ற கொடுமை நடந்துவிட்டது. மறுநாள் அணிவகுப்பைப் பற்றி யார் பேசுவார்கள்?

2018 ஜனவரியில் வான்தேன்-லெ-வியே சிறையில் ஒரு பயங்கரவாதக் கைதி காவலர்களைத் தாக்கியபின் நாடெங்கும் சிறை வாசல்கள் மறிக்கப்பட்டன. நான்கு ஆண்டுகளில் 1,100 பணியிடங்கள் என்று அரசு இறங்கிவந்தது. ஒரு சங்கம் கையெழுத்திட்டது, மற்றவை மறுத்தன. அவர்கள் நெடுநாள் கேட்டுவந்த இன்னொன்று 2024 ஜனவரி 1 அன்று நடந்தது. காவலர்கள் 'சி' பிரிவிலிருந்து 'பி' பிரிவுக்கு உயர்த்தப்பட்டார்கள். ஒரு எழுத்து மாறுவதில் என்ன இருக்கிறது என்று வெளியார் கேட்கலாம். எல்.டி.சி.யாகச் சேர்ந்து யூ.டி.சி. ஆவதற்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அது தெரியும்.

அதற்கு நாலரை மாதம் கழித்து, 2024 மே 14. ருவான் நீதிமன்றத்திலிருந்து எவ்ரே சிறைக்கு ஒரு கைதியைத் திருப்பி அழைத்துச் சென்ற வாகனத்தை, ஆங்கார்வில் சுங்கச்சாவடியில், பட்டப்பகலில் ஆயுதக் கும்பல் மோதி நிறுத்தியது. ஃபப்ரீஸ் மொயெல்லோ, அர்னோ கார்சியா என்ற இரு காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூவர் காயமடைந்தார்கள். 1992க்குப் பிறகு பணியில் கொல்லப்பட்ட முதல் சிறைக் காவலர்கள் இவர்கள். கான் நகரில் தேசிய அஞ்சலி. பிரதமர் கப்ரியேல் அத்தால் வந்தார். தப்பிய கைதி 2025 பிப்ரவரியில் ருமேனியாவில் பிடிபட்டான். கைதிகளை வெளியே கொண்டுபோவதைக் குறைக்கவும், காணொளி விசாரணையைக் கூட்டவும், நல்ல வாகனமும் ஆயுதமும் தரவும் அரசு ஒப்புக்கொண்டது. வேலையை மாற்றிய நாளிலேயே செய்திருக்க வேண்டியவை.

இத்தனைக்கும் நடுவில் அன்றாட வேலை அப்படியேதான் இருக்கிறது. 2024 கடைசியில் பிரான்சில் 62,000 சொச்சம் இடங்களில் 80,000க்கும் மேற்பட்ட கைதிகள். இடமில்லாதவர்கள் தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறார்கள். கதவைத் திறக்கும் காவலர் கையில் துப்பாக்கி கிடையாது, சாவிக்கொத்தும் வாய்ப்பேச்சும்தான். அஜான் நகரப் பயிற்சிப் பள்ளியில் படித்து முடிக்கும் பலர் வடக்கிலிருந்தும் கடல்கடந்த மாநிலங்களிலிருந்தும் வருகிறவர்கள். முதல் வேலை பெரும்பாலும் பாரீஸ் சுற்றுவட்டாரத்தில். வாடகை கட்டவே சம்பளம் போய்விடும். மக்கள் அவர்களுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'மத்தோன்'. மரியாதையான சொல் இல்லை. என்ன வேலை என்று அக்கம்பக்கத்தில் சொல்லாமல் மறைப்பவர்கள் அங்கேயும் உண்டு. அதைப் படித்தபோது எங்கள் தெரு வார்டர் அணிந்த வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது.

கிளேர்வோ சிறையை 2023இல் மூடிவிட்டார்கள். ஹ்யூகோ எழுதிய கதை இருக்கிறது, பதேன்தேர் எழுதிய நூல் இருக்கிறது. ஜிரார்தோ பெயரை, இதைப் படிக்கும் நீங்களாவது ஒருமுறை சொல்லிப் பாருங்கள். செத்தபின் தரும் பதக்கம் குடும்பத்துக்கு ஆறுதல். உயிரோடு இருப்பவருக்கு ஆறுதல், தளத்துக்கு இன்னொரு ஆள். அறைக்கு ஒரு கைதி குறைவு.

எங்கள் தெரு வார்டர் பணி ஓய்வுக்கு முன்பே மாரடைப்பில் இறந்துபோனார். துறையிலிருந்து பெரிய மாலை வந்தது. காக்கி உடையில் பத்துப்பேர் வரிசையாக நின்றார்கள். பக்கத்து வீட்டுக் கிழவி என் அம்மாவிடம், "இவரு ஜெயில்லயா வேல பாத்தாரு? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றாள். இருபது வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவள்.