நூறு பங்கு ஒரு லட்சமான வரலாறு

பங்குப் பிரிப்பு நிறுவனத்தின் மூலதனத்தைத் தொடுவதில்லை. பங்குகளின் எண்ணிக்கையை மட்டும் பெருக்குகிறது. வவுணதீவில் ஓர் ஏக்கர் வயலுக்குள் புதிதாக வரம்பு கட்டினால் வரவைகள் கூடும், நிலம் கூடாது. 1000 ரூபாய்ப் பங்கு இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் 500 ரூபாயை ஒட்டியே விலைபோகும்.

தெற்காசியாவில் இதற்குச் சிறந்த சான்று இன்ஃபோசிஸ். 1981இல் ஏழு பேர் தொடங்கிய இந்த இந்திய மென்பொருள் நிறுவனம், 1993 பெப்ரவரியில் 10 ரூபாய் முகமதிப்புள்ள (பத்திரத்தில் குறித்த பெயரளவு மதிப்பு) பங்கைப் பொதுமக்களுக்கு 95 ரூபாய்க்கு விற்க முன்வந்தது. கேட்பு போதவில்லை, முதலீட்டு வங்கியான மோர்கன் ஸ்டான்லி கைகொடுத்தது. ஜூனில் சந்தைக்கு வந்தபோது விலை 145 ரூபாய்.

1994, 1997, 1999 ஆகிய ஆண்டுகளில் கையிலிருந்த ஒன்றுக்கு ஒன்று எனப் போனஸ் பங்கு இலவசமாகக் கிடைத்தது. போனஸில் ஒதுக்கநிதி மூலதனமாகிறது, முகமதிப்பு அப்படியே நிற்கிறது; பிரிப்பிலோ முகமதிப்பு குறைகிறது. கணக்கேட்டில் இரண்டும் வேறு, சந்தை விலையில் விளைவு ஒன்றே. 2000இன் தொடக்கத்தில் முகமதிப்பு 10இலிருந்து 5 ரூபாயாகப் பிரிக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களில் உலகெங்கும் தொழில்நுட்பப் பங்குகள் சரிந்தன, இன்ஃபோசிஸும் தப்பவில்லை. பிரிப்பு விலையை ஏற்றும் என்று நம்பி அந்த உச்சத்தில் வாங்கியவர்களுக்கு அது கடுமையான பாடம்.

2004இல் ஒன்றுக்கு மூன்று, பின் 2006, 2014, 2015, 2018இல் ஒன்றுக்கு ஒன்று எனப் போனஸ் தொடர்ந்தது. 1993இல் வாங்கிய 100 பங்கு இவ்வாறு 102,400 ஆனது. இன்றைய ஒரு பங்கின் கணக்கில் அந்த 95 ரூபாய் ஏறத்தாழ 9 பைசா. விலை வரைபடங்கள் பழைய விலைகளை இப்படிக் குறைத்தே காட்டுகின்றன. இல்லையேல் ஒவ்வொரு பிரிப்பும் போனஸும் வீழ்ச்சியாகத் தோன்றும். செல்வத்தைப் பெருக்கியது நிறுவனத்தின் இலாபமே. பிரிப்பும் போனஸும் செய்த உண்மையான உதவி வேறு: விலை எட்டாத உயரத்துக்குப் போகும்போதெல்லாம் சிறு சேமிப்பாளர் வாங்கக்கூடிய அளவுக்கு அதை இறக்கின. காகிதப் பத்திரங்கள் தொகுதியாகக் கைமாறிய காலத்தில் இது பெரிய வசதி.

பங்கு வணிகம் 1896இலேயே தொடங்கிய கொழும்பில் நிலை சற்று வேறு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் முகமதிப்பையே நீக்கிவிட்டதால், பிரிப்பில் எண்ணிக்கை மட்டுமே மாறுகிறது. 2024இல் ஜோன் கீல்ஸ் நிறுவனம் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தபோது விலையும் அதற்கேற்பப் பத்தில் ஒன்றாகச் சரிசெய்யப்பட்டது.