ராத்தாவின் வளவு

1344இல் இப்னு பதூதா இலங்கையில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டதையும், பாவா ஆதம் மலை ஏறியதையும் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். எட்டு ஆண்டுகளின் பின் சஹாராவைக் கடந்து மேற்கு ஆபிரிக்காவின் வலாத்தா நகரில் அவர் திகைத்து நின்ற கதையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. ஆசிரியர் கலாசாலையில் இருந்த நாளில்தான் அதைப் படித்தேன்.

அங்கே மஸூஃபா மக்கள் தொழுகை தவறாத முஸ்லிம்கள். பிக்ஹு படித்தவர்கள், குர்ஆனை மனனம் செய்தவர்கள். ஆனால் வம்சத்தைத் தாய்மாமன் வழியே சொன்னார்கள். ஒருவனின் சொத்து மகனுக்கல்ல, சகோதரியின் மகனுக்குப் போனது. காழியின் வீட்டில் அந்நியப் பெண்ணொருத்தியைக் கண்டு இவர் பின்வாங்க, அவள் சிரிக்கிறாள். தன் தோழி என்கிறார் காழி. மலபாரின் முஸ்லிமல்லாதாரிடம் தவிர வேறெங்கும் இப்படியொரு வாரிசு முறையைக் கண்டதில்லை என்று எழுதுகிறார். (மாலைதீவில் காழியாக இருந்தபோது பெண்களின் உடையை மாற்றப் பார்த்துத் தோற்றவர் அவர்.)

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கொட்டியாரக் குடாவுக்கு வந்தால் என்ன எழுதுவார்? இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். மட்டக்களப்பில் வழங்கிய முக்குவர் சட்டத்தில் முதுசம் பெண்வழியே இறங்கியது. அச்சட்டம் மறைந்தும் வீடு மகளுக்கே என்ற வழக்கம் கிழக்கில் நின்றது. வாப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்து கட்டிய கல்வீட்டை ராத்தாவுக்கு எழுதிவிட்டு, உம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு பின்வளவில் ஓலைக் குடிசைக்குப் போனார்.

இதைப் பெண்ணுரிமை என்று கொண்டாட எனக்கு வாய் வரவில்லை. வீடு கட்ட வசதியில்லாத வாப்பாமாரின் பிள்ளைகள் வயது போய் வீட்டில் இருந்ததை அறிவேன். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமோ காவின் பதிவில் வலியின் கையொப்பத்தைக் கேட்டது; மணமகளுடையதைக் கேட்கவில்லை. வீட்டு உறுதியில் ராத்தாவின் பெயர் இருந்தது. அவளுடைய காவினில் அவள் கையெழுத்து இல்லை.

2004 டிசம்பர் 26இல் அந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாதென்றார்கள். உள்ளே அரச காணியில் வீடு தருவதாகச் சொல்லிப் படிவம் கொடுத்தார்கள். நிரப்பியவன் நான்தான், படித்த பிள்ளை அல்லவா! ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தில் மச்சானின் பெயரை எழுதினேன்.

“தம்பி, வாப்பா தந்த வளவுக்குத்தானே இது?” என்று ராத்தா கேட்டாள்.

ஆம்பிளை பெயர் போட்டால்தான் வேலை நடக்கும் என்றேன். உத்தியோகத்தர் அப்படித்தான் சொல்லியிருந்தார். கிழக்கில் எத்தனையோ பெண்களின் வளவு இப்படித்தான் கைமாறியது. மனைவியின் சொத்து மனைவிக்கே என்பது ஷரீஆ. வீடு பெண்ணுக்கு என்பது ஊர் வழக்கம். இரண்டுமே அறியாத ஒரு கட்டத்தை நான் பேனையால் நிரப்பினேன்.

மச்சான் நல்லவர். மகளுக்குக் கலியாணம் பேசியபோது வீட்டை அவள் பெயருக்கு மாற்ற உடனே சம்மதித்தார். அனுமதி எடுத்து, கையெழுத்தும் போட்டார். ராத்தாவும் கூடவே வந்திருந்தாள். அவளிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.