6174 என்னும் எண்

1803-ஆம் ஆண்டிலே பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான் என்பதை வன்னியிற் பிறந்த நாம் மறவோம். அவ்வாண்டின் இலக்கங்களை இறங்குவரிசையில் 8310 என அமைத்து, ஏறுவரிசையாகிய 0138-ஐக் கழித்தால் 8172 வரும். இவ்வாறே தொடர்ந்தால் 7443, 3996, 6264, 4176, ஈற்றில் 6174. அப்பால் மாற்றமில்லை, 7641-இல் 1467 போக மீண்டும் 6174 நிற்கும். இலக்கங்கள் நான்கும் ஒன்றாயிராத எந்த நான்கிலக்க எண்ணும் (மூன்றிலக்கம் வரின் முன்னே பூச்சியமிடுக) ஏழு படிகளுக்குள் இதனையே வந்தடையும்.

இதனைக் கண்டவர் மராட்டிய நாட்டுத் தேவ்லாலியில் பள்ளி உபாத்தியாயராயிருந்த கப்ரேக்கர். 1949-இலே சென்னைக் கணித மாநாட்டில் வெளியிட்டார். அவரது முயற்சியை வெறும் விளையாட்டென இகழ்ந்தோரும் இருந்தனர். 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பின்பே உலகம் அறிந்தது. வசதியில்லையெனச் சோரும் வன்னி மாணவராகிய நமக்கு அவ்வுபாத்தியாயரின் காகிதமும் பென்சிலும் போதிய விடையாகும்.